சிங்கப்பூரில் பொறியாளர் வேலை: இபி முதல் பிஆர் வரை, படிப்படியாக

கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக நினைப்பவர் தன் வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலத் தேர்வு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கூட்டிப் பார்த்து, தானே விண்ணப்பம் போடலாம். சிங்கப்பூரில் அந்த வழியே கிடையாது. இங்கே பாஸ் எனும் வேலை அனுமதிக்கு விண்ணப்பம் போடுவது பெரும்பாலும் நிறுவனம்தான். 2023 செப்டம்பரில் இங்கும் காம்பஸ் எனும் மதிப்பெண் முறை வந்துவிட்டது. அதில் அடிப்படைப் புள்ளிகளில் பாதி உங்களைப் பார்த்துப் போடுவது, மறுபாதி உங்களை எடுக்கும் நிறுவனத்தைப் பார்த்துப் போடுவது. சம்பளம் பேசி முடித்து, ஊரில் பார்க்கும் வேலைக்கு ராஜினாமாவும் கொடுத்துவிட்டு, அப்புறம் பாஸ் நிராகரிக்கப்பட்டு நிற்பவர்களில் பலருக்கு இந்த மறுபாதி பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. இங்கே வரும் தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில், 2025-ல் நடப்புக்கு வந்த விதிகளின்படி. மனிதவள அமைச்சு, அதாவது நாம் எல்லோரும் சொல்லும் எம்ஓஎம், ஆண்டுத் தொடக்கத்தில் வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி அடுத்த உயர்வுகளை அறிவிப்பது வழக்கம். விண்ணப்பிக்கும் வாரத்தில் அமைச்சின் இணையத்தளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

படி 1: எந்த பாஸ் உங்களுக்கு?

பட்டம் படித்த பொறியாளருக்கும் ஐடி ஆளுக்கும் முதன்மையானது எம்ப்ளாய்மென்ட் பாஸ், சுருக்கமாக இபி. 2025 ஜனவரி 1 முதல் இதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித்துறை நிறுவனம் என்றால் 6,200. இந்தத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. அது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏறத் தொகையும் ஏறி, 45 வயதில் 10,700-ல் போய் நிற்கிறது, நிதித்துறையில் 11,800. சராசரியாக ஒரு வயதுக்குச் சுமார் 230 வெள்ளி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 30 வயதில் ஏறத்தாழ 7,200, நாற்பதில் ஏறத்தாழ 9,500. “தம்பிக்கு 5,800-க்கு இபி கிடைத்ததே” என்று 36 வயது அண்ணன் அதே சம்பளத்துக்குத் தலையாட்டினால், காம்பஸ் மதிப்பெண் வரை போகாமலே கதை முடிந்துவிடும்.

அடுத்தது எஸ் பாஸ். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்த தொழில்நுட்பர்களுக்கும், இபி சம்பளத்தை எட்டாத இளம் பட்டதாரிகளுக்கும் பொருந்துவது. 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சம் 3,300 வெள்ளி, இதுவும் வயதோடு ஏறும். எஸ் பாஸுக்குக் காம்பஸ் மதிப்பெண் இல்லை. அதற்குப் பதில் நிறுவனத்துக்கு ஒதுக்கீட்டு வரம்பு உண்டு: சேவைத்துறையில் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காடு, கட்டுமானம், உற்பத்தி போன்ற துறைகளில் 15. ஒவ்வோர் எஸ் பாஸ் ஊழியருக்கும் நிறுவனம் மாதம் 650 வெள்ளி தீர்வை கட்டவேண்டும். அந்தத் தீர்வையை உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

மேல்தட்டில் சில பாஸ்கள் இருக்கின்றன. மாதம் 22,500 வெள்ளி வாங்குபவருக்குப் பெர்சனலைஸ்டு எம்ப்ளாய்மென்ட் பாஸ்: மூன்று ஆண்டு, புதுப்பிக்க முடியாது, ஆனால் ஒரே முதலாளியோடு கட்டிப்போடாது. 2023 ஜனவரியில் வந்த ஒன் பாஸுக்கு 30,000 வெள்ளி, ஐந்து ஆண்டு. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களைக் குறிவைத்து 2021-ல் டெக்.பாஸ் வந்தது. இதைப் படிக்கும் பெரும்பாலோருக்கு இவை இப்போதைக்குத் தூரம் என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

படிப்பு வழியாக வருவது தனிப் பாதை. என்யூஎஸ், என்டியூ போன்ற இங்குள்ள தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் முதுகலை முடித்தால், படிப்புக்கான காம்பஸ் புள்ளி முழுசாகக் கிடைக்கும். முடித்த பிறகு வேலை தேட ஓராண்டு நீண்டகால வருகை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். செலவு அதிகம்தான். ஆனால் ஊரில் சாதாரணக் கல்லூரியில் படித்த ஒருவருக்கு மதிப்பெண் கணக்கையே மாற்றிப்போடும் வழி இது.

இந்தியாவில் உள்ள கிளையிலிருந்து இங்கே மாற்றலாகி வருபவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2005-ல் இந்தியாவும் சிங்கப்பூரும் செய்துகொண்ட சீக்கா எனும் பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் இந்தியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுவிட்டது என்று காப்பிக்கடை வரை பேச்சு உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. ஒப்பந்தங்களின் கீழ் நிறுவனத்துக்குள் மாற்றலாகி வரும் மேலாளர், நிர்வாகி, சிறப்பு வல்லுநர் ஆகியோருக்குக் காம்பஸிலிருந்து விலக்கு இருக்கிறது. சம்பளத் தகுதி அவர்களுக்கும் உண்டு. அதோடு, அந்த வகையில் வந்தவர் பாஸ் முடிந்ததும் இங்கேயே வேறு வேலைக்குத் தாவ முடியாது. குடும்பத்தை அழைத்துவர முடியுமா என்பதும் ஒப்பந்த விதியைப் பொறுத்தது. எந்த வகையில் விண்ணப்பிக்கிறார்கள் என்று உங்கள் எச்ஆரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 2: சம்பளத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

நம் ஊரில் வேலை பேசும்போது “சிடிசி எவ்வளவு” என்று ஆண்டு மொத்தத் தொகையைக் கேட்பதுதான் முதல் கேள்வி. இங்கே எம்ஓஎம் பார்ப்பது நிலையான மாதச் சம்பளத்தை: அடிப்படைச் சம்பளமும், மாதம் தவறாமல் ஒரே அளவில் வரும் படிகளும். போனஸ், 13-வது மாதச் சம்பளம், ஓவர்டைம், பில் கொடுத்து வாங்கும் செலவுத் தொகை, நிறுவனம் கட்டும் காப்பீடு எதுவும் சேராது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி என்று கடிதத்தில் பெரிதாகப் போட்டு, அதில் இருபதாயிரம் போனஸ் என்றால், எம்ஓஎம் கணக்கில் உங்கள் மாதச் சம்பளம் 6,700-க்குக் கீழேதான். உங்களுக்கு 30 வயது என்றால் அது போதாது.

இபி, எஸ் பாஸ் ஊழியர்களுக்கு மத்திய சேமநிதி, அதாவது சிபிஎஃப், கிடையாது. ஊரில் பிஎஃப் தானாகச் சேர்ந்துகொண்டிருந்த பழக்கத்தில் இதை மறந்துவிடாதீர்கள். இங்கே சேமிப்பு உங்கள் பொறுப்பு.

படி 3: காம்பஸ் கணக்கு

இபிக்கு 40 புள்ளி வேண்டும். நான்கு அடிப்படை அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. அதற்கு மேல் இரண்டு கூடுதல் வாய்ப்புகள்.

முதல் அம்சம் சம்பளம். உங்கள் துறையில், உங்கள் வயதில் உள்ள உள்ளூர் நிபுணர்களின் சம்பளத்தோடு ஒப்பிடுவார்கள். 65-ஆம் சதமானத்தை, அதாவது அவர்களில் நூற்றுக்கு 65 பேரின் சம்பளத்தை எட்டும் அளவைத் தொட்டால் 10, 90-ஆம் சதமானத்தைத் தொட்டால் 20, அதற்குக் கீழே பூஜ்யம். முதல் படியில் சொன்ன குறைந்தபட்சச் சம்பளம் வேறு, இது வேறு. குறைந்தபட்சத்தைத் தாண்டியும் இதில் பூஜ்யம் வாங்கலாம். துறைவாரி, வயதுவாரி அட்டவணை அமைச்சின் தளத்தில் இருக்கிறது. தகவல் தொடர்புத் துறை நிறுவனத்துக்கும் உற்பத்தித் துறை நிறுவனத்துக்கும் எல்லைகள் வேறுபடும். நீங்கள் செய்யும் வேலையைவிட, நிறுவனம் எந்தத் துறையில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் இங்கே பேசும்.

இரண்டாவது படிப்பு. அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கு 10, அமைச்சு வெளியிட்டிருக்கும் முன்னணிக் கல்வி நிலையங்களின் பட்டியலில் இருந்தால் 20, இல்லையென்றால் பூஜ்யம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் படித்தவர்கள் விண்ணப்பத்தில் போடவேண்டியது பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரை, கல்லூரியின் பெயரை அல்ல.

மூன்றாவதும் நான்காவதும்தான் நிறுவனத்தின் பாதி. மூன்றாவது அம்சத்தில், அந்த நிறுவனத்தின் நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் வரிசையில் உங்கள் நாட்டவர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். 5-க்குக் கீழே என்றால் 20 புள்ளி, 5 முதல் 25-க்குள் என்றால் 10, 25-ம் அதற்கு மேலும் என்றால் பூஜ்யம். நான்காவது, அதே வரிசையில் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் எவ்வளவு பேர் என்பதை அந்தத் துணைத்துறையின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுவது. துறையின் மேல்பாதியில் இருந்தால் 20, கடைசி 20 விழுக்காட்டில் கிடந்தால் பூஜ்யம், நடுவில் 10. இந்த வரிசையில் 25 பேருக்குக் குறைவாக உள்ள சிறு நிறுவனங்களுக்கு மூன்று, நான்கு இரண்டிலும் தானாகவே 10, 10 கிடைத்துவிடும்.

கூடுதல் புள்ளிகளில் முக்கியமானது பற்றாக்குறைத் தொழில் பட்டியல். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு, கிளவுட் போன்ற வேலைகள் அதில் உண்டு. உங்கள் வேலை பட்டியலில் இருந்தால் 20 புள்ளி. ஆனால் அந்த நிறுவனத்தில் உங்கள் நாட்டவர் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ என்றால் 10 மட்டுமே. பதவிப் பெயரை மட்டும் பட்டியலுக்கு ஏற்றமாதிரி மாற்றிவிட்டு உள்ளே வேறு வேலை செய்யும் தந்திரம் எடுபடாது. செய்யும் வேலையை எம்ஓஎம் பார்க்கும். அரசு அமைப்புகளோடு குறிப்பிட்ட திட்டங்களில் பங்கெடுக்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு 10 உண்டு. அது எச்ஆருக்குத்தான் தெரியும்.

சரி, இதை ஓர் ஆளை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர், வயது 30, தனியார் கல்லூரியில் பிஇ, ஆறு ஆண்டு மென்பொருள் அனுபவம். படிப்புக்கு 10 புள்ளி. மூன்று இடங்களிலிருந்து வேலை வந்திருக்கிறது.

முதலாவது சாங்கி பிசினஸ் பார்க்கில் உள்ள பெரிய ஐடி சேவை நிறுவனம். நிபுணர்கள் 300 பேர், அதில் 120 பேர் இந்தியர். மதிய உணவு வேளையில் தமிழும் தெலுங்கும் இந்தியும் காதில் விழும். வந்து சேர்ந்தால் சொந்த ஊர் மாதிரிதான் இருக்கும். ஆனால் மூன்றாவது அம்சத்தில் பூஜ்யம். உள்ளூர் ஆட்கள் துறையிலேயே குறைவு என்பதால் நான்காவதிலும் பூஜ்யம். சம்பளத்தில் 10 கிடைத்தால் கூட்டினால் 20. வேலை பற்றாக்குறைப் பட்டியலில் இருந்தாலும், இந்தியர் 40 விழுக்காடு என்பதால் இன்னொரு 10 மட்டுமே. மொத்தம் 30. பாஸ் இல்லை. இவரை எடுக்கவேண்டும் என்றால் 90-ஆம் சதமானச் சம்பளம் கொடுத்தாகவேண்டும்.

இரண்டாவது ஒன்-நார்த் பக்கம் உள்ள புதுநிறுவனம், நிபுணர்கள் 14 பேர். மூன்றுக்கும் நான்குக்கும் தானாகக் கிடைக்கும் 10, 10. படிப்புக்கு 10. சம்பளம் 65-ஆம் சதமானத்தைத் தொட்டுவிட்டால் 10. மொத்தம் 40, விளிம்பில் தப்பிக்கிறார். சம்பளத்தில் இருநூறு வெள்ளி குறைத்துப் பேசி அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால், அந்த 10 போய்விடும். பேரம் பேசும்போது இதைச் சொல்லலாம். முதலாளிக்கும் பாஸ் கிடைக்கவேண்டுமே!

மூன்றாவது உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையின் தானியங்கிமயப் பிரிவு. இந்தியர் 8 விழுக்காடு என்பதால் 10. உள்ளூர் ஊழியர் விகிதம் துறையின் மேல்பாதியில், ஆகவே 20. படிப்புக்கு 10. சம்பள அம்சத்தில் பூஜ்யம் வாங்கினாலும் 40 வந்துவிட்டது. குறைந்தபட்சச் சம்பளமான ஏறத்தாழ 7,200-ஐ எட்டினால் போதும்.

ஒரே ஆள், ஒரே பட்டம், ஒரே அனுபவம். நம்மவர்கள் வேலை தேடும்போது தெரிந்தவர் இருக்கும் இடத்துக்கே போவது இயல்பு. ஆனால் நம்மவர் நிறைந்த இடத்தில்தான் நமக்குப் புள்ளி குறைகிறது. என்னைக் கேட்டால், வேலை தேடலைத் தொடங்கும்போதே உற்பத்தி, மருத்துவத் தொழில்நுட்பம், தளவாடம், உள்ளூர் நிறுவனங்கள் என்று வலையை விரித்துப் போடுங்கள்.

நிறுவனத்தின் புள்ளி வெளியாருக்குத் தெரியாது. அமைச்சின் சுயமதிப்பீட்டுக் கருவியில் நிறுவனம் தன் கணக்கில் நுழைந்து பார்த்தால் மூன்றாவது, நான்காவது புள்ளிகள் அப்படியே தெரியும். ஆகவே கடைசிச் சுற்று நேர்காணல் முடிந்ததும் எச்ஆரிடம் இப்படிக் கேளுங்கள்: “மேடம், என் விவரங்களை வைத்து சுயமதிப்பீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா? எத்தனை புள்ளி வருகிறது?” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல எச்ஆர் அவர்களாகவே செய்திருப்பார்கள். பதில் சொல்லாமல் நழுவினால், ஊரில் இருக்கும் வேலையை விட அவசரப்படாதீர்கள்.

மாதம் 22,500 வெள்ளி அல்லது அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு இந்தக் காம்பஸ் தொல்லையே இல்லை.

படி 4: சான்றிதழும் பெயரும்

படிப்புக்குப் புள்ளி கேட்டால், பட்டம் உண்மைதான் என்பதற்குச் சரிபார்ப்புச் சான்று வேண்டும். அமைச்சு ஏற்றுக்கொள்ளும் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்கள் மூலம் இதைச் செய்வார்கள். அவர்கள் பல்கலைக்கழகத்திடமே கேட்டு வாங்குவார்கள். பல்கலைக்கழகம் பதில் போட வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், வேலை உறுதியாகும் நிலை வந்ததுமே தொடங்கிவிடுங்கள். தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு பட்டச் சான்றிதழ் வாங்காமலே பத்தாண்டு ஓட்டியவர்கள் நம்மில் நிறைய. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்ட அந்தச் சான்றிதழை இப்போதாவது போய் வாங்குங்கள். படிப்புக்கான புள்ளி இல்லாமலே 40 வந்துவிடும் என்றால் இந்தச் சரிபார்ப்பு தேவையில்லை.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் “செல்வகுமார் ரா” என்று இருக்கும். பட்டத்தில் “ரா. செல்வகுமார்”. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி “ராமசாமி செல்வகுமார்” ஆகியிருக்கும். சில பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. சரிபார்ப்பவர் வேறு நாட்டுக்காரர் என்றால் இவை மூன்றும் மூன்று ஆட்கள். விண்ணப்பத்தில் எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். சரிபார்ப்பு நிறுவனத்துக்குச் சான்றிதழில் உள்ள பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் மனைவி, பிள்ளைகளின் பாஸுக்கும் பிஆர் எனும் நிரந்தரவாச விண்ணப்பத்துக்கும் கைகொடுக்கும்.

அனுபவத்தைக் கூட்டிச் சொல்வது, இல்லாத பட்டத்தைப் போடுவது போன்ற வேலை வேண்டாம். பொய்த் தகவல் கொடுத்தால் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின்படி 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கப்புறம் இந்த ஊரில் வேலை பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

படி 5: விளம்பரமும் விண்ணப்பமும்

இபிக்கோ எஸ் பாஸுக்கோ விண்ணப்பிக்கும் முன் நிறுவனம் அந்த வேலையை மைகேரியர்ஸ்ஃபியூச்சர் எனும் அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்யவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கும், 22,500 வெள்ளிக்கு மேற்பட்ட வேலைகளுக்கும் விலக்கு. இந்த விளம்பரத்தை நீங்களும் தேடிப் பார்க்கலாம். விளம்பரத்தில் உள்ள சம்பள வரம்பும் உங்களுக்குச் சொன்னதும் ஒத்துப்போகவேண்டும்.

அப்புறம் நிறுவனமோ, அது அமர்த்திய உரிமம் பெற்ற முகவரோ இணையத்தில் விண்ணப்பிப்பார்கள். இபிக்கு விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி. கிடைத்ததும் பாஸ் வழங்கும் கட்டணம் 225. பெரும்பாலும் பத்து வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும். கூடுதல் ஆவணம் கேட்டால் இழுக்கும்.

முகவர்கள் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். “ஐந்து லட்சம் கொடுங்கள், இபி கையில்” என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். பாஸை விற்க யாருக்கும் அதிகாரம் இல்லை. முகவரின் உரிம எண்ணை வாங்கி அமைச்சின் பட்டியலில் தேடிப் பாருங்கள். அதேபோல், வேலை கொடுத்ததற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவதும் குற்றம். விண்ணப்பத்தில் 7,500 என்று காட்டி, வங்கியில் போட்டுவிட்டு, 2,000-ஐ ரொக்கமாகத் திருப்பிக் கேட்பதும் இதில்தான் சேரும். பிடிபட்டால் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. ஒத்துப்போன உங்கள் பாஸும் ஆபத்தில்.

நிராகரித்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். காரணத்தைப் படித்து, அதற்குப் பதிலாகப் புதிதாக ஏதாவது கொடுத்தால்தான் பயன்: சம்பள உயர்வு, சரிபார்ப்புச் சான்று, அப்படி. “தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும்” என்று மட்டும் எழுதிப் போடுவதால் ஒன்றும் நடக்காது.

படி 6: ஐபிஏ வந்ததும்

கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம், ஐபிஏ, இபிக்கு ஆறு மாதம் செல்லும். இந்தியர்களுக்கு அதுவே ஒருமுறை நுழையும் விசாவாகவும் இருக்கும். அதில் போட்டிருக்கும் சம்பளம், பதவிப் பெயர் இரண்டையும் உங்கள் ஒப்பந்தத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ராஜினாமா கொடுக்கச் சரியான நேரம் இதற்குப் பிறகுதான். இரண்டு மாத, மூன்று மாத நோட்டீஸ் காலத்துக்கும் ஐபிஏவின் ஆறு மாதம் தாங்கும்.

சிங்கப்பூர் வந்திறங்கும் முன் மூன்று நாளுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் போலி. இங்கே வந்ததும் நிறுவனம் பாஸை வழங்கச் செய்யும். அறிவிப்புக் கடிதத்தில் சொல்லியிருந்தால், இரண்டு வாரத்துக்குள் பெண்டமீர் சாலையில் உள்ள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகையும் படமும் கொடுக்கவேண்டும். அட்டை சில நாளில் வந்துவிடும். பாஸ் வழங்கப்படும் முன்பு ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது, “சும்மா வந்து உட்காருங்கள்” என்று மேலாளர் சொன்னாலும்.

வீடு தேடும்போது, வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாத வாடகை ஒப்பந்தம் கட்டாயம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு புளோக்கிலும் ஒரு வரம்பு இருப்பதால், முழு வீடு எடுக்கும்போது முன்பணம் கொடுக்கும் முன் அந்த புளோக்கில் இடம் இருக்கிறதா என்று முகவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பொறியாளர்களுக்கு

இபி வாங்க நிபுணத்துவப் பொறியாளர் பதிவு தேவையில்லை. ஆனால் கட்டட வரைபடத்திலோ கணக்கீட்டிலோ அதிகாரபூர்வமாகக் கையெழுத்துப் போடவேண்டும் என்றால், நிபுணத்துவப் பொறியாளர் வாரியத்தில் பதிவு செய்தவராக இருக்கவேண்டும். அதற்கு வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டம், இரண்டு தேர்வுகள், நடைமுறை அனுபவம், நேர்காணல் எல்லாம் உண்டு. மின்நிறுவல் வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் தனி. ஊரில் இருபது ஆண்டு தளத்தில் நின்றவருக்கு, இங்கே இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருப்பது கொஞ்சம் கசக்கும். சம்பளமும் பொறுப்பும் உயரவேண்டும் என்றால், வந்த முதல் ஆண்டிலேயே தேர்வுக்கு விசாரிக்கத் தொடங்குங்கள்.

படி 7: குடும்பம்

மனைவி அல்லது கணவரையும், 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளையும் டிபி எனும் சார்ந்திருப்போர் பாஸில் அழைத்துவர, நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். எஸ் பாஸ்காரர்களில் பெரும்பாலோருக்கு இங்கேதான் இடிக்கும். அப்பா அம்மாவை நீண்டகாலம் வைத்துக்கொள்ள 12,000 வேண்டும். அதுவரை அவர்கள் சுற்றுலா விசாவில் வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

மனைவியும் பொறியாளர் என்றால் கவனியுங்கள். முன்பெல்லாம் டிபியில் இருப்பவர் ஓர் ஒப்புதல் கடிதத்தோடு வேலைக்குப் போகலாம். 2021 மே முதல் அது பொதுவாக நின்றுவிட்டது. அவரும் தனக்கென்று இபியோ எஸ் பாஸோ எடுத்தாகவேண்டும். இபி என்றால் அவருக்கும் இதே காம்பஸ் கணக்கு. இரட்டை வருமானத்தை நம்பி வாடகையும் பள்ளிக் கட்டணமும் திட்டமிட்டு வருபவர்கள், ஒரே சம்பளத்தில் ஓராண்டு ஓடுமா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் பிள்ளை தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வும், உள்ளூர்ப் பிள்ளைகளைவிட அதிகக் கட்டணமும் உண்டு.

படி 8: புதுப்பித்தலும் வேலை மாற்றமும்

முதல் இபி இரண்டு ஆண்டு வரை, புதுப்பித்தால் மூன்று ஆண்டு வரை. பற்றாக்குறைப் பட்டியலில் உள்ள சில தொழில்நுட்ப வேலைகளில் உயர்ந்த சம்பளம் வாங்கும் அனுபவசாலிக்கு ஐந்து ஆண்டு வரை கிடைக்கலாம். முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம்.

2024 செப்டம்பர் முதல் புதுப்பித்தலுக்கும் காம்பஸ் உண்டு. முப்பது வயதில் 7,200-க்குச் சேர்ந்தவருக்கு, விதி மாறாவிட்டாலும், 32 வயதில் ஏறத்தாழ 7,700 வேண்டும். விதியும் மாறினால் இன்னும் மேலே. இரண்டு ஆண்டு சம்பள உயர்வு இல்லாமல் ஓட்டினால் பாஸ் போய்விடலாம். ஆகவே ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நிறுவனத்தின் இந்தியர் விகிதமும் இந்த இடைவெளியில் மாறியிருக்கலாம். அதையும் ஆறு மாதம் முன்பே கேளுங்கள்.

வேலை மாறினால் புது நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். பழைய பாஸ் கூடவே வராது. புது ஐபிஏ கைக்கு வரும்வரை பழைய இடத்தில் கடிதம் கொடுக்காதீர்கள். வேலை போய்விட்டால், பாஸ் ரத்தாகி வழக்கமாக 30 நாள் குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். பிள்ளையின் பள்ளி, வீட்டு ஒப்பந்தம், கார்டுக் கடன் எல்லாம் அந்த 30 நாளுக்குள் வந்து நிற்கும் என்பதால், மூன்று நான்கு மாதச் செலவுப் பணத்தைத் தனியாக வைத்திருப்பது நல்லது. வீட்டு ஒப்பந்தத்தில் வேலை போனால் முன்கூட்டியே காலி செய்யும் பிரிவு இருக்கிறதா என்று கையெழுத்திடும்போதே பாருங்கள். வேலையை விட்டுக் கிளம்பும்போது நிறுவனம் உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைத்து வரித்துறைக்குத் தகவல் கொடுக்கும். ஐஆர்21 எனும் இந்த வரி தீர்வு நடைமுறை சட்டப்படியானது, பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பணத்தை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

படி 9: பிஆர்

இபியோ எஸ் பாஸோ வைத்திருப்பவர் நிரந்தரவாசத்துக்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் தானே விண்ணப்பிக்கலாம். இபி, எஸ் பாஸ் போல் இல்லாமல், இங்கே விண்ணப்பம் உங்கள் கையில். கட்டணம் 100 வெள்ளி, திருப்பித் தரமாட்டார்கள். முடிவுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். இதற்குப் புள்ளி அட்டவணை எதுவும் வெளியிடப்படவில்லை. குடும்பத் தொடர்பு, பொருளாதாரப் பங்களிப்பு, தகுதி, வயது, குடும்ப அமைப்பு, எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்பதையெல்லாம் பார்ப்பதாக ஆணையம் சொல்கிறது. “நாங்கள் போட்டால் உறுதியாகக் கிடைக்கும்” என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் ஆலோசகர்களுக்கும் இதற்கு மேல் தெரிய வழியில்லை. கேட்கும் படிவங்களை நீங்களே நிரப்ப முடியும்.

ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழில் மட்டுமே இருக்கும் பழைய திருமணப் பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை ஊருக்குப் போகும்போதே சரிசெய்துகொண்டு வாருங்கள். இனிஷியல் பிரச்சினை இங்கேயும் வரும்.

பிஆர் கிடைத்ததும் சிபிஎஃப் தொடங்கும். முதல் இரண்டு ஆண்டுக்குக் குறைந்த விகிதம், மூன்றாம் ஆண்டு முதல் முழு விகிதம். கைக்கு வரும் பணம் அதற்கேற்பக் குறையும்.

மகன் இருந்தால், விண்ணப்பத்தில் அவன் பெயரைச் சேர்க்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வேலை வழியாக பிஆர் ஆகும் அப்பாவுக்குத் தேசிய சேவை இல்லை. பெற்றோர் மூலம் பிஆர் ஆகும் மகனுக்கு உண்டு: பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டு வாக்கில் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, அப்புறம் ஆண்டுதோறும் அழைக்கப்படும் படைப்பயிற்சி. சேவை செய்யாமல் பிஆரைக் கைவிட்டால், பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகப் பார்க்கப்படும். இப்போது நான்கு வயதில் தொட்டிலுக்கும் தரைக்கும் தாவிக்கொண்டிருப்பவனுக்காகத்தான் இந்த முடிவு.

பிஆராக இருக்கும்வரை இந்தியப் பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கும். இரண்டு ஆண்டு பிஆராக இருந்த பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி வரும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஓசிஐ வைத்திருப்பவர் இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரில் நாலு ஏக்கர் வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.